மடித்து வைக்கும் கொற்றக்குடை

தோழனே!

கார் விற்பனைக்கு! கட்டழகு குலையாத கார்! கூரையை மடித்துப் பின்னே தள்ளிவிட்டால் வானமே விதானமாகிவிடும் கார்! வயது எழுபத்தாறு, ஆயினும் வண்ணம் மங்கவில்லை, வளைவு நெளியவில்லை, இயந்திரத்தின் குரலில் இருமல் இல்லை. பொன்னைப் போலப் பேணிப் பாதுகாக்கப்பட்டது. கேட்போர் கேட்கலாம், எடுப்போர் எடுக்கலாம்!

இப்படியொரு முழக்கத்தோடு 2010ஆம் ஆண்டில் மொனாக்கோ நகரின் ஏலக் கூடத்திலே வந்து நின்றது ஒரு ரோல்ஸ் ராய்ஸ். மொனாக்கோ எந்த நாடு என்று தேடாதே. பிரெஞ்சுக் கடற்கரையோரம் செல்வச் சீமான்கள் வரிக்கு அஞ்சிக் குடியேறும் குட்டி நாடு அது. அங்கே வந்து நின்ற காருக்குப் பெயர் என்ன தெரியுமா? 'இந்தியாவின் நட்சத்திரம்'!

இந்தியாவின் நட்சத்திரம் இமயத்திலே தோன்றவில்லை, குமரியிலே தோன்றவில்லை. மொனாக்கோ ஏலத்திலே தோன்றிற்று. விந்தைதான்! ஆனால் நான் சொல்ல வந்த விந்தை அதுவன்று.

அந்தக் காரைப் பற்றி எழுதியவர்கள், பேசியவர்கள், படம் பிடித்துப் பரவசப்பட்டவர்கள் எல்லோரும் அதன் உறுப்பு ஒவ்வொன்றையும் எண்ணிச் சொன்னார்கள். 1934இல் செய்த 'பாண்டம் 2 கான்டினென்டல்' என்றார்கள். ஏழரை லிட்டருக்கும் மேற்பட்ட கொள்ளளவுடைய ஆறு சிலிண்டர் இயந்திரம் என்றார்கள். தீட்டித் தீட்டிக் கண்ணாடியாக்கிய அலுமினிய பானெட். உடலெங்கும் காவி தோய்ந்த மஞ்சள் வண்ணம். முகப்பிலே திருவிழாத் தேர்போல் விளக்கு வரிசை. வண்டி வளைந்தால் தாமும் வளைந்து வழிகாட்டும் விளக்குகள். எல்லாம் சொன்னார்கள். யாருக்காகச் செய்தது என்பதையும் சொன்னார்கள்: ராஜ்கோட் சமஸ்தானத்து மன்னர் தர்மேந்திரசிங்ஜிக்காக!

அதற்குமேல் சொல்லவில்லை, தோழனே! அங்கே வந்ததும் நா மடங்கிக்கொள்கிறது, பேனா உறங்கிவிடுகிறது. 'மன்னருக்காக' என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு முற்றுப்புள்ளி, முற்றுப்புள்ளிக்குப் பிறகு ஒரு பெருமூச்சு: "ஆகா, அது ஒரு காலம்!"

எந்தக் காலம்? யாருடைய காலம்? அந்த முற்றுப்புள்ளிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்ப்போம், வா.

முதலில் அந்த வண்டி எப்படி உருவாகும் என்பதை அறிந்துகொள். ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி அந்நாளில் முழுக் காரையும் செய்து விற்பதில்லை. இங்கிலாந்தில் டெர்பி நகரத்துத் தொழிற்சாலை இயந்திரத்தையும் அடிச்சட்டத்தையும் மட்டும் செய்து தரும். எலும்பும் இதயமும் ஓரிடத்தில்! மேலே போர்த்தும் உடலைச் செய்வதற்கு வேறு பட்டறைகள் உண்டு. நம் காருக்கு உடல் செய்தது லண்டன் மாநகரத்து த்ரப் அண்டு மேபர்லி. ஒருகாலத்தில் சீமான்களுக்குக் குதிரை வண்டி செய்த பரம்பரை அது. வாங்குகிறவர் விருப்பமே அங்கு சட்டம். இருக்கை எப்படி வேண்டும், விளக்கு எத்தனை வேண்டும், கூரை மடங்க வேண்டுமா, மறைக்க வேண்டுமா என்று அளவெடுத்துத் தைப்பார்கள், தையற்காரர் சட்டை தைப்பதுபோல.

ஆகவே எலும்பு டெர்பியில். உடல் லண்டனில். உயிர் எங்கிருந்து போயிற்று? பணம் எங்கிருந்து போயிற்று? காத்தியவாரிலிருந்து போயிற்று, தோழனே! கடலையும் பருத்தியும் கம்பும் விளையும் காத்தியவார் தீபகற்பத்திலிருந்து போயிற்று.

ராஜ்கோட் என்றதும் மைசூரையும் ஐதராபாத்தையும்போல் ஒரு பேரரசு என்று எண்ணிவிடாதே. மொத்தப் பரப்பு 282 சதுர மைல். சிதறிக் கிடந்த அந்த நிலத்தையெல்லாம் கூட்டிச் சேர்த்து ஒரே சதுரமாக அமைத்துப் பார்த்தால், ஒரு பக்கம் பதினேழு மைல்கூட வராது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி குடிமக்கள் ஏறத்தாழ 75,000 பேர். இன்று நம் ஊர்த் திருவிழாவில் ஓரிரவில் கூடும் கூட்டம்! அந்த அரசருக்கு மகாராஜா என்ற பட்டங்கூடக் கிடையாது. தாக்கூர் சாகிப் என்பதுதான் பட்டம். வெள்ளையன் அளந்து கொடுத்த மரியாதை ஒன்பது குண்டு முழக்கம். அதற்குமேல் ஒரு குண்டு கேட்டாலும் கிடைக்காது.

'கான்டினென்டல்' என்ற பெயர் ஏன் வந்தது தெரியுமா? ஐரோப்பாக் கண்டத்தின் நெடுஞ்சாலைகளில், நாடு விட்டு நாடு தாண்டி நெடுந்தூரம் விரைந்து ஓடுவதற்கென்றே வடிக்கப்பட்ட வகை அது. மணிக்கு எழுபது மைல் வேகத்தைச் சிரமமின்றித் தாங்கும். பதினேழு மைல் அரசுக்கு அந்தக் கார்! காலை பலகாரம் முடித்து ஏறினால், வாயிலிட்ட வெற்றிலை சிவக்குமுன் எல்லை வந்துவிடும். அதற்கப்பால் அடுத்தவன் அரசு. ஓடுவதற்கு ஊர் இல்லாத இடத்தில் ஓடுவதற்கென்றே பிறந்த வண்டி எதற்கு?

எதற்கு என்றா கேட்கிறாய்? ஓடுவதற்கு அன்று, உலா வருவதற்கு! கொற்றக்குடை என்று கேள்விப்பட்டிருப்பாய். பழைய மன்னன் பட்டத்து யானைமீது ஏறி வரும்போது பின்னால் ஒருவன் குடை பிடிப்பான். 'என் குடை நிழலில் குடிகள் குளிர்ந்திருக்கிறார்கள்' என்பது அதன் பொருள். புலவர்கள் பாடிக் களைத்த பொருள். இருபதாம் நூற்றாண்டின் சிற்றரசனுக்கோ குடை பிடிக்க ஆள் வேண்டியதில்லை. பொத்தானைத் தளர்த்தினால் மடங்கிக்கொள்ளும் கூரை! மக்கள் முகத்தைக் காண வேண்டும் என்று மடக்குவதன்று, மக்கள் தன் முகத்தைக் காண வேண்டும் என்று மடக்குவது. தூசி வந்தாலோ, துயரக் குரல் வந்தாலோ விரித்து மூடிக்கொள்ளலாம். விரியும்போது அவன் தலைக்கு மட்டும் நிழல் தரும் குடை!

நாடகம் எழுதுகிறவனுக்கு இது நல்ல காட்சி. மேடை நடுவே அந்த மஞ்சள் வண்டி ஒன்று போதும். வசனமே வேண்டாம்.

ஆனால் வசனம் இருந்தது, தோழனே. ராஜ்கோட் வீதிகளிலே மக்கள் பேசிய வசனம் அது. ஏட்டிலே பதிவாகியிருக்கிறது. கேள்.

தர்மேந்திரசிங்ஜிக்கு முன் அரியணையில் இருந்தவர் அவருடைய தந்தை லாக்காஜிராஜ். அரசர்களில் நல்லவர் உண்டா என்று கேட்டால், தயங்கித் தயங்கிச் சிலரைக் காட்டலாம். அவர்களில் ஒருவர் அவர். 1923இல், வெள்ளையனின் நேரடி ஆட்சியிலிருந்த மாகாணங்களிலேகூடச் சொத்துள்ளவனுக்கும் படித்தவனுக்கும் மட்டுமே வாக்குரிமை இருந்த நாளில், வயது வந்தோர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மக்கள் பிரதிநிதிகள் சபை ஒன்றைத் தம் சிற்றூரசில் அமைத்தார். பள்ளிகளைப் பெருக்கினார், தொழில் வளர்த்தார். 1930இல் மறைந்தார்.

மகன் வந்தார். தந்தை கூட்டிய சபை தூசி படிந்தது. திவான் வீராவாலாவின் கையில் ஆட்சி. அரசர் கையில் அனுபவிப்பு. கருவூலத்துக்கும் அரசரின் சட்டைப் பைக்கும் இடையே சுவர் இல்லை. வரியாக வருவது அவருடையது, செலவாகப் போவதும் அவருடையது. கணக்குக் கேட்க வேண்டிய சபையோ உறங்கிற்று. அப்படிப்பட்ட நாளில், 1934இல், கடல் கடந்து வந்தது நம் மஞ்சள் நட்சத்திரம்.

ஒரு கார் வாங்கியதால் ஓர் அரசு கவிழ்ந்ததென்று கதைகட்ட நான் வரவில்லை. ஒரு கார் எந்தக் கருவூலத்தையும் வற்றச் செய்துவிடாது. ஆனால் ஒரு காரைப் பார்த்தால், ஒரு வாழ்க்கை தெரியும்; அந்த வாழ்க்கை கருவூலத்தை வற்றச் செய்தது. வற்றிய கருவூலத்தை நிரப்ப வீராவாலாவின் ஆட்சி என்ன செய்தது தெரியுமா? அரண்மனைச் செலவைக் குறைத்ததா? இல்லை. தீப்பெட்டி விற்கும் உரிமையை ஒரு வணிகனுக்கு விற்றது! சர்க்கரை விற்கும் உரிமையை இன்னொருவனுக்கு விற்றது! அரிசி விற்கும் உரிமை, சினிமாக் கொட்டகை நடத்தும் உரிமை, எல்லாவற்றையும் ஏகபோகக் குத்தகைக்கு விட்டது. 'இஜாரா' என்று அதற்குப் பெயர்.

இதை ஒரு நிமிடம் நின்று எண்ணிப் பார். ஏகபோகம் என்றால் என்ன? கடைவீதியில் நான்கு கடை இருந்தால், விலை நான்கு பேர் போட்டியில் தணியும். ஒருவனுக்கே உரிமை என்றால், அவன் சொன்னதே விலை. அரசனுக்குக் கொடுத்த குத்தகைப் பணத்தை அவன் யாரிடம் வசூலிப்பான்? அடுப்பு மூட்டும் தாயிடம் வசூலிப்பான். ஒரு தீக்குச்சி கிழிக்கும்போதும் அவள் அரசனுக்குக் கப்பம் கட்டுகிறாள். குழந்தையின் பாலில் ஒரு சிட்டிகைச் சர்க்கரை இடும்போதும் கப்பம். வரி என்று சொன்னால் சீட்டு உண்டு, கணக்கு உண்டு, எதிர்க்க ஓர் ஆணை உண்டு. இஜாராவுக்கோ சீட்டும் இல்லை, கணக்கும் இல்லை, விலையே வரி! காரின் விளக்கு வரிசையைப் பார்த்து வாய் பிளக்கிறார்களே, தீப்பெட்டிக்குக் கூடுதல் காசு கொடுக்க முடியாமல் அடுத்த வீட்டு அடுப்பிலிருந்து கங்கு வாங்கி வந்திருக்கக்கூடிய வீடுகளை எந்த ஏலக்காரன் எண்ணினான்?

அம்மட்டோ! கோகுலாஷ்டமித் திருவிழாவிலே சூதாட்டம் நடத்தும் உரிமையையும் 'கார்னிவல்' என்ற ஒரு கூட்டத்துக்குக் குத்தகைக்கு விட்டார்கள். கண்ணன் பிறந்த நாளில் கவறாட்டம். அதற்கு அரசாங்க அனுமதி. அந்த வருமானம் அரண்மனைக்கு! பக்தி பேசும் அரசுகள் பண்டிகையை என்ன செய்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

முதலில் எழுந்தவர்கள் தொழிலாளர்கள். சமஸ்தானத்துக்குச் சொந்தமான பஞ்சாலை ஒன்று ராஜ்கோட்டில் இருந்தது. அதில் 800 தொழிலாளர். ஜேட்டாலால் ஜோஷி என்ற காந்தியவாதி அவர்களைச் சங்கமாகத் திரட்டினார். 1936இல், கார் வந்த இரண்டாம் ஆண்டில், வேலைநிலை சீர்பட வேண்டுமென்று 21 நாள் வேலைநிறுத்தம். இருபத்தொரு நாள், தோழனே! வாரக் கூலி வாங்குகிறவன் வீட்டில் இருபத்தொரு நாள் என்பது என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தர்பார் பணிந்தது.

பிறகு 1938 ஆகஸ்ட் 15. ஆம், ஒன்பதாண்டுகள் கழித்துக் கொடியேறப் போகும் அதே தேதி! திருவிழாச் சூதாட்டத்தை எதிர்த்து நின்ற தொண்டர்களைத் தடியால் அடித்தார்கள். முதலில் வெள்ளை ஏஜென்சியின் போலீஸ், அப்புறம் சமஸ்தானத்துப் போலீஸ். அடிப்பதில் இருவருக்கும் ஒற்றுமை. ஊர் முழுதும் கடையடைப்பு. செப்டம்பர் 5ஆம் நாள் மக்கள் மாநாடு, வல்லபாய் படேல் தலைமையில்.

அந்த மாநாட்டுக் கோரிக்கைகளைக் கவனி. பொறுப்பாட்சி வகுக்க ஒரு குழு வேண்டும். உறங்கும் சபைக்குத் தேர்தல் வேண்டும். நிலவரியை நூற்றுக்குப் பதினைந்து குறைக்க வேண்டும். இஜாரா அனைத்தும் ஒழிய வேண்டும். ஐந்தாவது கோரிக்கைதான் நான் உன்னிடம் கொண்டு வந்து சேர்க்க நினைத்தது: அரசுக் கருவூலத்திலிருந்து மன்னர் எடுத்துக்கொள்வதற்கு ஒரு வரம்பு வேண்டும்!

பார்த்தாயா! 'மன்னருக்காகச் செய்தது' என்று நம் விற்பனையாளர்கள் முற்றுப்புள்ளி வைத்தார்களே, அந்தப் புள்ளிக்கு அப்பால் எழுதப்பட்டிருந்தது இதுதான். அந்தக் காரில் ஏறியவரின் காலத்திலேயே, அவருடைய குடிமக்களே, அவருடைய தலைநகரிலேயே கூடி, 'எங்கள் பணத்தை இப்படி எடுக்காதே' என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். இன்றைய கண்ணோட்டத்தில் அன்றைய மன்னனை அளக்கிறாய் என்று என்னைச் சிலர் குறை கூறக்கூடும். இல்லை ஐயா! அன்றைய ராஜ்கோட் குடிமகன் வைத்த அளவுகோலைத்தான் நான் எடுத்துக் காட்டுகிறேன்.

அதன்பின் நடந்தது சத்தியாக்கிரகம். நிலவரி கட்ட மறுத்தார்கள். ஏகபோகத்தை மீறினார்கள். சமஸ்தானத்து மின்சாரத்தையும் துணியையும் வாங்க மறுத்தார்கள். சமஸ்தானத்துச் சேமிப்பு வங்கியில் போட்ட பணத்தைத் திரும்பக் கேட்டு வரிசையில் நின்றார்கள். எவ்வளவு நுட்பமான போர் பார்! அரண்மனையை முற்றுகையிடவில்லை, அரண்மனைக்குப் பணம் போகும் வாய்க்கால் ஒவ்வொன்றையும் அடைத்தார்கள். அந்த 75,000 பேருக்குப் பொருளாதாரம் யார் கற்பித்தார்? கல்லூரியைப் பாதியில் விட்டு வந்த எனக்கு அந்தக் கேள்வியில் தனி இன்பம் உண்டு.

1938 டிசம்பர் 26இல் மன்னர் பணிந்து உடன்படிக்கை செய்தார். குழு அமைப்பதாக ஒப்புக்கொண்டார். வெள்ளை ரெசிடெண்ட் கிப்சன் கண்ணை உருட்டினார். ஒரே மாதத்தில் மன்னர் வாக்கு மாறினார். 1939 ஜனவரி 26இல் போராட்டம் மீண்டும் மூண்டது. கஸ்தூர்பா அம்மையார் ராஜ்கோட் தம் வீடு போன்றது என்று சொல்லி, தள்ளாத உடலோடு புறப்பட்டார்; சிறை வைத்தார்கள். காந்தியடிகளின் தந்தை அதே ராஜ்கோட்டில் திவானாக இருந்தவர்; காந்தியடிகள் பள்ளியில் படித்ததும் அங்கேதான். அந்த ஊரிலேயே மார்ச் 3இல் உண்ணாநோன்பு தொடங்கினார். நான்கு நாள் கழித்து, நடுவர் தீர்ப்புக்கு விடுவதாக வைசிராய் இறங்கி வந்தார். தலைமை நீதிபதி மாரிஸ் குவையர் ஏப்ரலில் படேலின் பக்கமே தீர்ப்பளித்தார். ஆயினும் வீராவாலாவின் சூழ்ச்சி சாதியையும் மதத்தையும் கிளப்பிவிட்டுக் காரியத்தைக் குலைத்தது; மே மாதத்தில் காந்தியடிகளே அந்தத் தீர்ப்பின் பலனை வேண்டாமென்று துறந்துவிட்டார். அந்தத் துறவு சரியா தவறா என்று இன்னொரு ஞாயிற்றுக்கிழமை பேசுவோம். எனக்கு அதில் கருத்து வேறுபாடு உண்டு.

1940இல் மன்னர் மாண்டார். 1948இல் ராஜ்கோட் சௌராஷ்டிர ஐக்கியத்தில் கலந்தது. அந்தப் போராட்டத்தில் நின்ற வழக்கறிஞர் யு. என். தேபர் சௌராஷ்டிரத்தின் முதலமைச்சரானார். எல்லாம் சரிதான். கார் என்ன ஆயிற்று?

இங்கேதான், தோழனே, உன் கவனத்தைக் கூர்மையாக்கிக்கொள். சமஸ்தானங்கள் இந்திய ஒன்றியத்தில் கரைந்தபோது ஒவ்வொரு மன்னரும் ஒரு பட்டியல் கொடுத்தார். எவை அரசின் சொத்து, எவை என் சொந்தச் சொத்து என்ற பட்டியல். ஆட்சி போயிற்று, சொந்தச் சொத்து நின்றது. சாலையும் பள்ளியும் சிறைச்சாலையும் அரசுடையவை. பொதுவாக அரண்மனையும் நகையும் காரும் மன்னருடையவை. செலவு பிடிப்பதெல்லாம் மக்களுக்கு, விலை போவதெல்லாம் மன்னருக்கு! எந்தப் பணத்தில் வாங்கியது என்று கேட்கும் பத்தி அந்தப் பட்டியல்களில் இருந்ததா? அவர் கடை வைத்துச் சம்பாதித்தாரா? கலப்பை பிடித்தாரா? வக்கீல் தொழில் பார்த்தாரா? கருவூலம் ஒன்றைத் தவிர வேறு ஊற்று எது?

பட்டியலோடு நின்றதா? மானியம் வேறு! அரசியல் சட்டத்தின் 291ஆம் பிரிவிலேயே எழுதிவைத்தார்கள்: மன்னர்களுக்கு மானியம், அதற்கு வருமான வரியும் இல்லை. உழவன் வாங்கும் தீப்பெட்டிக்கு வரி உண்டு, மன்னன் வாங்கும் மானியத்துக்கு வரி இல்லை. 1970 செப்டம்பர் 5, ராஜ்கோட் மாநாடு கூடிய அதே செப்டம்பர் 5, முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, மானிய ஒழிப்பு மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஒரு வாக்கின் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது! ஒரு மனிதன்கூட இல்லை, மனிதனில் மூன்றில் ஒரு பங்கு! மசோதா விழுந்தது. மறுநாளே குடியரசுத் தலைவர் ஆணை பிறந்தது; டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 1971இல் தேர்தல், மக்கள் அளித்த பெரும்பான்மையோடு அவ்வாண்டு இறுதியில் 26ஆம் திருத்தம், மானியம் ஒழிந்தது. காருக்குத் திருத்தம் இல்லை. கார் கைமாறிற்று, கடல் கடந்தது, வெளிநாட்டுச் செல்வர்களிடம் வளர்ந்தது, மொனாக்கோவுக்கு வந்தது. அங்கிருந்து ராஜ்கோட் அரச மரபினரே ஏலத்தில் எடுத்துத் திரும்பக் கொண்டுவந்தனர். தம் பணத்தில் எடுத்தனர். அது சட்டப்படி அவர்களுடையது. அவர்கள்மீது எனக்கு வழக்கு இல்லை. என் வழக்கெல்லாம் அந்தக் காரைச் சுற்றிப் பின்னப்படும் பேச்சின்மீது.

அந்தப் பேச்சின் இன்னொரு மாதிரியைச் சொல்கிறேன். நீயும் கேட்டிருப்பாய், ஒருவேளை நண்பர்களுக்கு அனுப்பியும் இருப்பாய். ஆள்வார் சமஸ்தானத்து மகாராஜா லண்டனில் எளிய உடையோடு கார்க் கடைக்குப் போனாராம், அங்கே அவமதித்தார்களாம், கார்களை வாங்கிவந்து ஊர்க் குப்பை அள்ள விட்டாராம், வெள்ளைக்காரன் மன்னிப்புக் கேட்டானாம். கேட்கும்போதே நெஞ்சு நிமிர்கிறது அல்லவா? உறுதியான சான்று ஒன்றும் இல்லை. அதே கதையைப் பெயர் மாற்றி வேறு மன்னர்களுக்கும் சொல்கிறார்கள். கதையில் வரும் ஜெய்சிங்கின் ஆட்சியில் 1925இல் நீமூச்சானா என்ற ஊரில் வரி உயர்வை எதிர்த்துக் கூடிய உழவர்களைச் சமஸ்தானப் படை சுட்டுத் தள்ளியது. அதற்குச் சான்று உண்டு. குப்பை அள்ளிய கார் எல்லோருக்கும் தெரியும். குண்டடிபட்ட ஊரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? காரைக் காட்டிக் கல்லறையை மறைக்கும் வித்தை இது.

"கலைப்பொருளைக் கலையாகப் பார்க்கக் கூடாதா?" என்று கேட்பாருளர். பார்க்கலாம், தாராளமாகப் பார்க்கலாம்! அந்த அலுமினியத்தை அடித்து வளைத்த கைகள் தொழிலாளியின் கைகள். கூரையின் மடிப்பு ஒன்றோடொன்று பொருந்தும்படி மரச்சட்டம் இழைத்தவன் பெருங்கலைஞன். அவனை வணங்குகிறேன். அந்த விற்பனையாளர்கள் அவன் பெயரைச் சொல்லட்டுமே! கம்பெனியின் பெயர் உண்டு, மன்னரின் பெயர் உண்டு, அடுத்தடுத்து வாங்கியவர் பெயரெல்லாம் வரிசையாக உண்டு. இழைத்தவன் பெயர் இல்லை. பஞ்சாலைத் தொழிலாளி 800 பேரில் ஒருவன் பெயரும் இல்லை. 'நன்கு பேணிப் பாதுகாக்கப்பட்டது' என்கிறார்களே, எதை? எண்ணெய் இட்டார்கள், துடைத்தார்கள், தோலிருக்கைக்குப் பூச்சுப் பூசினார்கள். கார் பாதுகாக்கப்பட்டது, கணக்கேடு பாதுகாக்கப்படவில்லை!

நம் பக்கத்தையும் சற்றுப் பார்த்துக்கொள்வோம், தோழனே. சொன்னால் சிலருக்குச் சினம் வரும்; வரட்டும். ஏழைக்காகப் பேச மேடை போடுகிறோம். மேடைக்கு வரும் வண்டி வரிசையை எண்ணிக் கட்சியின் பலத்தை அளக்கிறோம். தலைவர் திறந்த காரில் நின்று கையசைத்தால் தொண்டன் தோளில் தூசி தட்டிக்கொண்டு கூட ஓடுகிறான். அந்த வண்டி யாருடையது, எவர் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தார் என்று மாவட்டக் கூட்டத்தில் எழுந்து கேட்ட தொண்டனை நான் பார்த்ததில்லை. ராஜ்கோட்டில் வயலிலும் ஆலையிலும் நின்றவன் தன் மன்னனையே கேட்டான். மன்னனைக் கேட்பதற்குத் தடியடி உண்டு. நம்மைக் கேட்பதற்குத் தடையேதும் உண்டா?

ஆகையால் சில காரியங்கள் உடனே செய்யத்தக்கவை. பழங்கார் அணிவகுப்பு என்று இப்போது நகரந்தோறும் நடத்துகிறார்கள். அமைச்சர்களும் போய்க் கொடி அசைக்கிறார்கள். அரசாங்கத்தின் சாலை, அரசாங்கத்தின் காவலர், அரசாங்கத்தின் கொடி. அப்படி அரசின் ஆதரவு பெறும் எந்த அணிவகுப்பிலும், எந்த அருங்காட்சியகத்திலும், மன்னர் வீட்டுக் கார் வந்து நின்றால் அதன் அருகே ஒரு பலகை வேண்டும். இயந்திரக் கொள்ளளவை எழுதுவது போலவே, எந்தச் சமஸ்தானம், அதன் குடிமக்கள் எத்தனை பேர், வாங்கிய ஆண்டு எது, அந்த ஆண்டு நிலவரி என்ன, விலை என்ன என்பதையும் எழுத வேண்டும். சமஸ்தானங்களின் பழங்கணக்குகளில் எஞ்சியவை ஆவணக் காப்பகங்களில் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. தேடி எடுக்கச் செலவு என்ன ஆகிவிடும்? அந்தக் காரின் ஒரு சக்கரத்துக்கு ஆகும் செலவு ஆகுமா?

ராஜ்கோட்டில் காந்தியடிகள் படித்த ஆல்பிரட் உயர்நிலைப்பள்ளி இன்று அவர் பெயரில் அருங்காட்சியகமாகியிருக்கிறது, 2018இல் திறந்தார்கள். அந்தப் பக்கம் போகும் தோழர்கள் அதையும் காணலாம், மஞ்சள் கார் ஏதேனும் கண்காட்சிக்கு வந்தால் அதையும் காணலாம். கண்டுவிட்டு, காரின் பக்கத்தில் நிற்பவரிடம் பணிவோடு கேள்: "ஐயா, 1934இல் இங்கே தீப்பெட்டி என்ன விலை?"